விட்டுப்போன சீட்டு

செத்த அந்தப் பக்கம் நகந்து உக்காரும்மா. இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும், கீழ வச்சா கவுந்திரும். குழம்பு இருக்கு. மீன் குழம்புதான், ஆனா தேங்கா அரைக்கல, உப்பும் பேருக்குத்தான். எங்க சாருக்கு இனிமே அப்படித்தான் வைக்கணுமாம். டாக்டர் சொல்லிட்டாரு. ஆக்கின எனக்கே வாயில வைக்க முடியல.

நீ எங்க, பாளைக்கா? நல்லதாப் போச்சு. நானும் பாளை பஸ் ஸ்டாண்டுலதான் இறங்கணும்.

சாருன்னா ஆரைச் சொல்லுதேன்னு முழிக்காத. என் வீட்டுக்காரவியதான். எபநேசர்புரத்துல எங்க சபைப் பள்ளிக்கூடத்துல முப்பத்தி மூணு வருசம் வாத்தியார் வேலை பாத்தாவ. தவசிமணி சார். ஊரே சாருன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில வந்திட்டு. வகுப்புல பிள்ளைகளைப் பாத்து 'பேசாத, பேசாத'ன்னு சொல்லியே கடைசியில தானும் பேச்சை விட்டுட்டாவ போல. வீட்ல மொத்தமே நாலு வார்த்தைதான். சரி. வேண்டாம். இருக்கட்டும். நீ போ. இந்த நாலை வச்சு முப்பத்தி நாலு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன், பாத்துக்க.

அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு நாள் வாயைத் திறந்தாவ. திறந்த அன்னைக்கு என் மானம் போச்சு.

உன் கழுத்துல தாலி புதுசா மின்னுதே, எத்தனை மாசம் ஆச்சு? மூணா! அப்பம் நல்லாக் கேட்டுக்க. ஊர்ல எவ எவளோ என்னைப் பத்தி என்னென்னமோ பேசுதாளுவ. 'கோயில் கோயில்னு அலைஞ்சு புருசனை ஆஸ்பத்திரியில கொண்டு தள்ளிட்டா'ங்காளுவ. நான் நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். நீ வெளியாளு. நியாயம் ஆரு பக்கம்னு நீயே சொல்லு.

நெத்தியில பொட்டு வச்சிருக்க, எங்க கோயில் நடப்பு உனக்குத் தெரியாது. எங்க கோயில் வாசல்ல ஒரு மரப்பெட்டி உண்டு. சீக்குன்னாலும் சரி, பிள்ளைக்குப் பரீட்சைன்னாலும் சரி, கல்யாணம் தகையலன்னாலும் சரி, ஒரு சீட்டுல எழுதி அதுல போட்டுருவாவ. ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர், எங்க பாதிரியாரை நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், அந்தச் சீட்டையெல்லாம் பேரோட வாசிப்பாவ. சபையே முழங்கால்ல நின்னு ஜெபிக்கும். அந்தப் பெட்டிச் சாவி பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் கையிலதான் இருக்கும். அதாவது என் கையில. பத்தொம்பது வருசமா. சனிக்கிழமை சாயந்தரம் பெட்டியைத் திறந்து, சீட்டைப் பிரிச்சு, கிறுக்கல் எழுத்தையெல்லாம் திருத்தி எழுதி ஐயருட்ட குடுக்கணும். சிலதை வாசிக்க முடியாது பாத்துக்க. மாமியாருக்கு நல்ல புத்தி வரணும்னு பேரைப் போட்டு எழுதுத கூட்டமும் இருக்கு. அப்படியாப்பட்ட சீட்டை நான் எடுத்துருவேன். சபைன்னா ஒரு கௌரவம் வேண்டாமா?

பெட்டி மட்டுமா? இன்னா இந்த நோட்டைப் பாரு. என் ஜெப நோட்டு. எங்க சபையில ஆருக்கு என்ன சீக்கு, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாத்திரை, எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. நாப்பத்தி மூணு பேரு. எலியேசர் அண்ணாச்சிக்கு சுகர் எவ்வளவுன்னு அவிய சம்சாரத்துக்கே தெரியாது, எனக்குத் தெரியும். புதன்கிழமை ஆச்சுன்னா ரொட்டியும் பழமும் வாங்கிக்கிட்டு வீடு வீடாப் போயிருவேன். 'ரெத்தினபாய் அம்மா வந்து கையை வச்சு ஜெபிச்சாத்தான் எங்க ஐயாவுக்குத் தூக்கம் வருது'ன்னு சொல்லுதாவ. நான் பெருமைக்குச் சொல்லல. சொல்லுதாவ.

இந்த வருசம் லெந்து நாள் எனக்கு ஓட்டமாத்தான் விடிஞ்சுது. ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாள் நாங்க உபவாசமா இருப்போம், அதுதான் லெந்து. கறி மீன் கிடையாது, பூ வைக்க மாட்டோம், நல்ல காரியம் பேச மாட்டோம். காலையில அஞ்சு மணிக்குக் கோயில்ல ஜெபம். வந்து வீடு தூத்து, தண்ணி பிடிச்சு, இட்லி ஊத்தி, ரெண்டு ஆட்டுக்குக் குழை கட்டி, திரும்ப ஒரு கூட்டம். வெள்ளிக்கிழமை முழு உபவாசம். மூணு மணி வரைக்கும் எங்க வீட்ல அடுப்புப் பத்தாது. சாருக்கு சுகர் மாத்திரை உண்டு, காலையில சாப்பிட்டுட்டுப் போடணும். அதுக்கென்ன? ஒரு நாள் மூணு மணிக்குச் சாப்பிட்டுட்டுப் போட்டா மாத்திரை கோவிச்சுக்கிடவா போகுது? அவியளும் ஒண்ணும் சொன்னதில்ல. சரின்னுதான் சொன்னாவ.

அந்தக் காலை ஜெபத்துக்குப் போகும்போதுதான் ஒரு புதுப் பழக்கத்தைப் பாத்தேன். நான் வேதாகமத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு முன்னால வெரசாப் போவேன், அவிய பின்னால வருவாவ. திரும்பிப் பாத்தா ஆளைக் காணும். பள்ளிக்கூட மதிலைப் பிடிச்சிட்டு நிக்காவ. அதைத் தாண்டி வந்தா போஸ்ட் ஆபீஸ் கம்பியைப் பிடிச்சிட்டு நிக்காவ. பொறவு கோயில் கேட்டு.

"மதிலை என்ன, அளந்து விலைக்கு வாங்கப் போறியளா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. நீ போ"ன்னாவ.

நான் போயிட்டேன். மணி அடிச்ச பொறவு செயலாளர் உள்ள நுழைஞ்சா நல்லாவா இருக்கும்?

மூணாவது வாரம்னு நினைக்கேன். நான் இட்லிக்கு மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன், வந்து நிலைப்படியில சாஞ்சு நின்னாவ. "ரெத்தினம், புதன்கிழமை பாளைக்கு ஒரு நடை போயிட்டு வருவமா?"ன்னு கேட்டாவ. நல்லாக் கவனி. பாளைக்கு ஒரு நடை. அவ்வளவுதான் கேட்டாவ. பாளையில இவிய அக்கா இருக்காவ, சொர்ணபாய் மயினி. அங்க போகத்தான் கூப்பிடுதாவன்னு நினைச்சேன். புதன்கிழமை சீக்காளிகளைப் பாக்கப் போற நாளு, முப்பத்தி நாலு வருசமா கூட இருக்கிற மனுசனுக்குத் தெரிய வேண்டாமா? "ஈஸ்டர் முடியட்டும்"னேன். "சரி"ன்னாவ. முடிஞ்சுது பேச்சு.

அதுக்கடுத்த வாரம் ஒரு கூத்து. மத்தியானம் நான் இந்த நோட்டைப் புரட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல நாக்காலியைப் போட்டு உக்காந்தாவ. அதுவே அதிசயம்.

"இதுல எத்தனை பேரு?"

"நாப்பத்தி மூணு."

"நெஞ்சுவலிக்காரங்க உண்டா?"

"ரெண்டு பேரு உண்டு. பாக்கியநாதன், பொறவு கீழத்தெரு அகஸ்டின்."

"அகஸ்டினுக்கு முதல்ல என்ன செஞ்சுதாம்?"

எனக்கு ஒரே சந்தோசம் பாத்துக்க. பத்தொம்பது வருசத்துல என் ஊழியத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காத மனுசன் கேக்காவளே! விளக்கமாச் சொன்னேன். நடந்தா எளைக்கும்னேன். நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும்னேன். இடது கை மரமரன்னு ஆகும், தாடை வரைக்கும் இழுக்கும், காரணமில்லாம வேர்த்து ஊத்தும்னேன். அவிய தன் இடது கையைத் தடவிக்கிட்டே, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அவ்வளவு கவனமாக் கேட்டாவ.

"அகஸ்டின் எத்தனை நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனான்?"

"அந்த மடையன் ஒரு மாசம் சொல்லாமலே இருந்திருக்கான். சொல்லியிருந்தா அப்பமே பிழைச்சிருப்பான், இப்பம் பாதி ஆளாக் கிடக்கான்"னேன்.

"சரி"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாவ. அன்னைக்கு ஸ்தோத்திரம் பண்ணினேன். ஆண்டவர் இவிய மனசைத் தொட்டுட்டாரு, இனி நம்ம கூட ஊழியத்துக்கு வருவாவன்னு நினைச்சேன். சிரிக்காத. இல்ல, நீ சிரிக்கல. அப்படி ஏன் பாக்க?

அந்தச் சனிக்கிழமை பெட்டியைத் திறந்தா, இருபத்தி ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஒரு சீட்டு. கையெழுத்தைப் பாத்ததுமே ஆருன்னு தெரிஞ்சிட்டு. கரும்பலகையில எழுதுத மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா, நிறுத்தி எழுதியிருக்கு. 'அ. தவசிமணி. நெஞ்சில் வலி. சபையார் ஜெபிக்க வேண்டுகிறேன்.'

நீ சொல்லு. என் நிலைமையில நீ இருந்தா என்ன செய்வ? ஊர்ல உள்ள அத்தனை சீக்கும் என் நோட்டுல இருக்கு, என் வீட்டுச் சீக்கு பெட்டி வழியா வருது. அதை ஐயர் வாசிச்சா சபை என்ன நினைக்கும்? 'இவ நாப்பத்தி மூணு வீட்டுல போய்க் கையை வைக்கா, சொந்தப் புருசனுக்கு நெஞ்சுவலின்னு தெரியலையே'ன்னு சொல்ல மாட்டாளுவளா? அதுலயும் வயலட். எனக்கு அடுத்தாப்புல அந்தப் பதவிக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறவ. அவ வாயில விழணுமா?

எடுத்துட்டேன். எடுத்து வேதாகமத்துக்குள்ள வச்சுட்டேன். கிழிச்சுப் போடல, நல்லாக் கேட்டுக்க. நாமளே தனியா ஜெபிச்சுக்கிடுவோம்னு நினைச்சேன். அவியளுட்டயும் கேக்கல. என்னட்ட சொல்லாம பெட்டியில போட்ட மனுசன்ட்ட நான் ஏன் வலியப் போய்க் கேக்கணும்? எனக்கும் ரோசம் இருக்குல்லா?

மறுநாள் ஆராதனையில ஐயர் சீட்டு வாசிக்கும்போது ஆம்பளைங்க பக்கம் பாத்தேன். தலையைக் குனிஞ்சு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாவ. ஒவ்வொரு பேரா வருது. இருபத்தி ஒண்ணும் முடிஞ்சுது. அவிய நிமிந்து ஐயரைப் பாத்தாவ. பொறவு மெதுவாத் திரும்பி என் பக்கம் பாத்தாவ. நான் பாட்டுப் புஸ்தகத்துல நம்பர் தேடிக்கிட்டு இருந்தேன்.

அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. எங்களுக்கு அது பெரிய நாளு. பிள்ளைகள்லாம் ஓலையைத் தூக்கிக்கிட்டுப் பவனி வரும். வெளியூர்ல இருக்கிற ஆளுக வந்து கோயில் நிறைஞ்சு கிடக்கும். சீட்டு வாசிச்சு முடிச்சிட்டு ஐயர் வழக்கமா ஒரு வார்த்தை கேப்பாவ, 'வேற ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா?'ன்னு. ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாவ, அது சும்மா கேக்கிறது. அன்னைக்கு எங்க சாரு எந்திரிச்சு நின்னாவ. முன் பெஞ்சைப் பிடிச்சிட்டுத்தான் நின்னாவ.

"ஐயா, போன வாரம் என் சீட்டு விட்டுப்போச்சு"ன்னாவ. "தவசிமணி. நெஞ்சுவலி. ஒரு மாசமா இருக்கு. வீட்ல சொல்ல நேரம் வாய்க்கல."

உக்காந்துட்டாவ.

வீட்ல சொல்ல நேரம் வாய்க்கல! என்ன, நான் ஆபீஸ் வச்சு நடத்துதேனா, முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டு வந்து பாக்கதுக்கு? ஐந்நூறு பேரு. அத்தனை கண்ணும் பொம்பளைங்க பக்கம் திரும்பிச்சு. திரும்பி என் மேல நின்னுது. பத்தொம்பது வருசம்மா. மழையில போயிருக்கேன், காய்ச்சலோட போயிருக்கேன், என் அம்மை செத்த மறுவாரம் போயிருக்கேன். எல்லாத்தையும் இந்த மனுசன் ஒரு வரியில அழிச்சிட்டாவ.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா ஒரே மொய்ப்பு. 'சாருக்கு நெஞ்சுவலியாமே, நீங்க சொல்லவே இல்லையே'ன்னு ஆளாளுக்குக் கேக்காவ. வயலட் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, நீங்க சாரைக் கவனிங்க, அசன வேலையை நாங்க பாத்துக்கிடுதோம்"ங்கா. அசனம்னா ஈஸ்டர் மறுநாள் ஊருக்கே சோறு போடுவோம், எண்ணூறு இலை விழும். அதைப் பறிக்கதுக்கு என்ன இனிப்பாப் பேசுதா பாத்தியா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சும்மா விடுவேனா?

"என்னட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன் ரெத்தினம்."

"எப்பம் சொன்னிய?"

"பாளைக்குப் போவமான்னு கேட்டேன்லா."

பாளைக்கு ஒரு நடைன்னா அதுக்கு நெஞ்சுவலின்னு அர்த்தமா? நீயே சொல்லு, எந்த ஊர்ல அப்படி அர்த்தம்? நான் கத்து கத்துன்னு கத்தினேன். அவிய ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. "பெட்டியில என் சீட்டு கிடக்கலையா?"

"எந்தச் சீட்டு?"ன்னேன்.

பொய்தான். இப்பம் உன்ட்ட சொல்லுததுக்கு என்ன? ஆண்டவருக்குத் தெரியும், அவரு மன்னிச்சிருவாரு. ஆனா இவிய என்னைப் பாத்தாவ பாரு. வீட்டுப்பாடம் எழுதாம 'நோட்டு தொலைஞ்சிட்டு சார்'னு சொல்லுத பிள்ளையைப் பாத்த மாதிரி. கோவமே இல்ல. கோவப்பட்டிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதுல இருந்து நான் பேசல. பாடு வாரம், அதான் ஈஸ்டருக்கு முந்தின வாரம், முழுக்கப் பேசல. சோறு வச்சேன், துணி துவைச்சுப் போட்டேன், எல்லாம் செஞ்சேன், வாயைத் திறக்கல. கொடுமை என்னன்னா, அவியளுக்கு அது வித்தியாசமாவே தெரியல போல. 'சரி'ன்னு சொல்லுத வேலை மிச்சம்னு இருந்துட்டாவ.

பெரிய வெள்ளிக்கு மூணு மணி நேரம் ஆராதனை. பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும். "வாரியளா?"ன்னு கூட கேக்காம நான் கிளம்பினேன். வாசல்ல வந்து நின்னு, "நீ போ"ன்னாவ. நான் போனேன். மூணே காலுக்குத் திரும்பி வந்தா வீடு பூட்டிக் கிடக்கு. சாவி பக்கத்து வீட்ல. உள்ள, சாப்பிட்ட தட்டு கழுவிக் கவுத்தி வச்சிருக்கு. ஒத்தையில பஸ் ஏறி இந்த வழியாத்தான் பாளைக்குப் போயிருக்காவ, பஸ்ஸுல நின்னுக்கிட்டே.

அஞ்சு மணிக்கு மயினி போன் பண்ணுதாவ. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு, மூணு இடத்துல அடைப்பு இருக்குன்னு. "நீ எப்பம் வாரே?"ன்னாவ.

நான் செவ்வாய்க்கிழமை போனேன்.

இந்தப் பார்வையைத்தான் ஊர்லயும் பாத்தேன். எம்மா, நீயும் யோசிச்சுப் பாக்கணும். வெள்ளி போச்சா? சனிக்கிழமை அரிசி புடைக்க ஆள் வருது. ஞாயிறு ஈஸ்டர். திங்கள் அசனம். அங்க டாக்டர் இருக்காரு, நர்ஸு இருக்கு, மயினி இருக்காவ. இங்க எண்ணூறு பேருக்கு ஆரு இருக்கா? நான் விட்டா வயலட்டு உப்புக்கும் புளிக்கும் கணக்குத் தெரியாம நாசம் பண்ணியிருப்பா. மயினிட்ட சொன்னேன். "என் தம்பி உயிரோட இருந்தாப் பந்தி முடிஞ்சு வந்து பாரு"ன்னு வச்சிட்டாவ போனை. எப்படிப் பேசுதாவ பாரு! பெங்களூருல இருக்கிற என் மவ, எனக்கு முந்தி வந்து நின்னுட்டா. அவளும் என்ட்ட சரியாப் பேசல.

ஒண்ணு சொல்லுதேன். இதை வேற ஆருட்டயும் சொல்லல. செவ்வாய்க்கிழமை போனேன்லா, மயினியும் மவளும் சாப்பிடப் போயிட்டாவ. நானும் அவியளும் மட்டும்தான். கையில ஊசி குத்தி, மூக்குல குழாய் வச்சு, சின்னதாப் போயிட்டாவ. தலையில கையை வச்சு ஜெபிக்கலாம்னு கண்ணை மூடினேன். எம்மா, எனக்கு ஜெபம் வரல. ஊர்ல உள்ள சீக்காளிக்கெல்லாம் வாயைத் திறந்தா நிக்காம வரும். இவியளுக்கு ஒரு வார்த்தை வரல. ஆண்டவரேன்னேன், அதோட நின்னுட்டு. கை மட்டும் அவிய தலையில இருக்கு. எனக்குப் பயமா இருந்துச்சு. நெசமாவே பயமா இருந்துச்சு, இந்த ஆளு இல்லாட்டா நான் என்ன செய்வேன்னு. அவிய கண்ணைத் திறந்து பாத்துட்டு, என் கையைப் பிடிச்சு மெதுவா இறக்கி வச்சாவ. "நீ போ. பஸ்ஸு போயிரும்"னாவ.

போயிட்டேன். போன்னா போகாம என்ன செய்ய?

இப்பம் மூணு வாரமா மயினி வீட்லதான் இருக்காவ. நம்ம வீட்டுக்கு வாங்கன்னா 'இருக்கட்டும்'ங்காவ. அங்க என்னமோ சிரிச்சுப் பேசுதாவளாம், மவ சொன்னா. சிரிச்சாவளாம்! எனக்கென்ன தெரியும், நான் பாத்ததில்ல. இங்க ஐயர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க சாரைப் பாருங்க, கொஞ்ச நாளைக்கு வயலட் பாக்கட்டும்"னு பெட்டிச் சாவியை வாங்கிட்டாவ. பத்தொம்பது வருசம் இருந்த சாவி. மூணு வாரமா ஐயர்ட்ட இருந்து ஒரு போன் கிடையாது. ஒரு மனுசன் எந்திரிச்சு நின்னு ஒரு வரி சொன்னதுக்கு எனக்குக் கிடைச்ச கூலியைப் பாத்தியா?

இன்னைக்கு எதுக்குப் போறேன்னா, ஆப்பரேசன் வைக்கப் போறாவளாம். நெஞ்சைத் திறந்து செய்வாவளாம். நாலு மணிக்குப் பெரிய டாக்டர் வாராரு. சம்சாரம் நேர்ல வரணும், விவரம் சொல்லணும், கையெழுத்து வாங்கணும்னு சொல்லியிருக்காரு. நேத்து சாயந்தரம் அவியளே போன் பண்ணினாவ. கல்யாணம் ஆகி இந்த முப்பத்தி நாலு வருசத்துல அவியளா எனக்குப் போன் பண்ணினது அதுதான் முதல் தடவை. "ரெத்தினம், நாளைக்கு வருவேல்லா?"ன்னாவ. வாரேன்னேன். "பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கேன்"னாவ. எதுக்கு இந்த வெயில்ல, எனக்கு வழி தெரியாதான்னு சத்தம் போட்டேன். "இல்ல, நிக்கேன்"னாவ. இந்தக் குழம்பைக் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வச்சேன். மீன் முள்ளைக் கூட எடுத்துட்டேன்.

இரு, போன் அடிக்கு. ஆருன்னு பாரேன், எனக்குக் கண்ணாடி இல்ல. ஐயரா? ஐயர்னா போட்டிருக்கு? நெசமாவா?

ஸ்தோத்திரம் ஐயா. சொல்லுங்கய்யா... ஆமாய்யா... பொன்னுத்தாய் பாட்டியா? ஐயோ... எப்பம் இருந்து?... மூச்சு மட்டும்தான் இருக்கா... என்னையா கேட்டாவ? ரெத்தினபாய் வந்து ஜெபிச்சாத்தான் போவேன்னு சொல்லுதாவளா?... வயலட் வந்தும் வேண்டாம்னுட்டாவளா?... இல்லய்யா, இல்லய்யா, நான் வீட்லதான் இருக்கேன். சத்தமா? அது டிவிய்யா. இன்னா வந்துருதேன். அரை மணி நேரத்துல வந்துருதேன்யா.

எம்மா, கேட்டியா? கேட்டியா நீ? வயலட்டை வேண்டாம்னுட்டாவளாம்! தொண்ணூத்தி ஒரு வயசு, மூச்சு இழுக்கிற நேரத்துலயும் என் பேரைத்தான் சொல்லியிருக்காவ. ஆண்டவர் ஆரையும் கைவிட மாட்டாரு. இது எந்த ஊரு, கருங்குளமா? நல்லவேளை. இறங்கி எதுத்தாப்புல நின்னா உடனே பஸ்ஸு கிடைச்சிரும். நாலு மணின்னா டாக்டர் என்னைக்கு நாலு மணிக்கு வந்திருக்காரு? ஜெபிச்சிட்டு அஞ்சு மணி பஸ்ஸுல வந்துருவேன். கையெழுத்துதானே, இல்லாட்டா மயினி போடட்டும், கூடப்பிறந்தவதானே.

கண்டக்டர் தம்பி, கருங்குளம் இறக்கம் ஒண்ணு!

இந்தப் பையை நீ பிடி. பாளையிலதானே இறங்குத, ஒரு உபகாரம் செய்யி. சாய்ச்சிராம கொண்டு போய் சார்ட்ட குடுத்துரு. உன் பேரு என்ன? நோட்டுல எழுதிக்கிடுதேன், தினமும் உனக்காக ஜெபிக்கேன். முத்துமாரியா? நல்ல பேரு. நாப்பத்தி நாலு.

என்ன கேக்க? சார் பேரா? சார் பேரு எதுக்கு இந்த நோட்டுல? இது சபையார் நோட்டும்மா. வீட்டு ஆளை ஆராவது நோட்டுல எழுதுவாவளா? கோட்டிக்காரிதான் நீ.

வழி விடுங்கய்யா, இறங்கணும். எம்மா, அவியட்ட ஒண்ணும் பெருசாச் சொல்லாண்டாம். கோயில் சோலியா இறங்கிட்டாவன்னு மட்டும் சொல்லு. சரிம்பாவ. வேற ஒண்ணும் கேக்க மாட்டாவ. ஆளைக் கண்டுபிடிக்கது ஒண்ணும் கஷ்டமில்ல. உயரமா, வெள்ளைச் சட்டை போட்டிருப்பாவ. பஸ்ஸு உள்ள திரும்பும்போதே பாரு, ஒரு தூணையோ கம்பியையோ பிடிச்சிட்டு நிப்பாவ.